பொதிகை முதல் கடல் வரை: பங்குனியில் ஒரு பறவைப் பயணம்

(இறுதியாண்டு சிவில் மாணவன்)

ஆண்டு மலரில் கவிதைக்கும் ஜோக்குக்கும் நடுவில் பறவைகளைப் பற்றி ஒரு கட்டுரையா என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது கொக்கையும் குருவியையும் மட்டும் பேசுகிற கட்டுரை இல்லை. அணை, கால்வாய், குளம், உப்பளம், மின்கம்பி என்று நாம் வகுப்பில் படிக்கிற சமாச்சாரங்களையும் பேசப்போகிற கட்டுரைதான். இதுக்கும் பறவைக்கும் என்னப்பா சம்பந்தம் என்கிறீர்களா? அதைத்தான் சொல்ல வருகிறேன்.

நாங்கள் நாலு பேர். சிவில் இரண்டு, எலெக்ட்ரிகல் ஒன்று, மெக்கானிக்கல் ஒன்று. இரண்டு பைக்கில் நாலு நாள் போனோம். பொதிகை மலை அடிவாரத்தில் தொடங்கி, தாமிரபரணியோடு இறங்கி, கடலைத் தொட்டு, கடற்கரைச் சாலை வழியாகத் தனுஷ்கோடி வரை. போக வர எழுநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

தாமிரபரணியை ஏன் தேர்ந்தெடுத்தோம்? அதன் நீளம் சுமார் 125 கிலோமீட்டர்தான். காவிரி, கோதாவரி மாதிரி பல மாநிலம் கடந்து வருவதில்லை. மலையில் மழைக்காடு, அடிவாரத்தில் அணை, சமவெளியில் வயலும் குளமும், கடைசியில் உப்பளமும் கழிமுகமும் என்று ஒரு நதியின் முழு வாழ்க்கையையும் மூன்று நாளில் பார்த்துவிடலாம். ஒவ்வொரு இடத்திலும் பறவை மாறிக்கொண்டே வரும். ஏன் மாறுகிறது என்று கேட்கத் தொடங்கினால், அங்கே பாடம் ஆரம்பமாகிவிடும்.

பங்குனி ஏன்?

பறவை பார்க்க மார்கழி, தைதான் சரியான காலம் என்று பலர் சொல்வார்கள். எண்ணிக்கைக்கு அது சரி. ஆனால் பங்குனி பாதியிலிருந்து சித்திரை பிறக்கும் வரை, பின்பனி முடிந்து இளவேனில் தொடங்கும் அந்தச் சில வாரங்களில்தான் மூன்று காரியம் ஒரே நேரத்தில் நடக்கிறது.

ஒன்று, குளிர்காலத்துக்கு வந்த விருந்தாளிகள் மூட்டை கட்டுகிறார்கள். சைபீரியா, மங்கோலியா, திபெத், மத்திய ஆசியா என்று அவரவர் ஊருக்குத் திரும்பும் நேரம். சத்திமுத்தப் புலவர் நாரையைத் தூது விட்ட பாட்டைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். தெற்கே வந்த பறவை வடக்கே திரும்பிப் போகும் என்று தெரிந்தவர் மட்டுமே அதன் கையில் மனைவிக்குச் சேதி கொடுத்து அனுப்ப முடியும். வலசை என்பது நம் ஆட்களுக்குப் புது விஷயம் இல்லை!

இரண்டாவது, உள்ளூர்ப் பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கும் காலம் இது. மூன்றாவது, குளத்தில் தண்ணீர் வற்றிக்கொண்டே வரும். தண்ணீர் வற்ற வற்ற, அது எங்கே எவ்வளவு நிற்கிறதோ அங்கே பறவை கூடும். ஒரு நீர்நிலை ஆரோக்கியமாக இருக்கிறதா இல்லையா என்பது பங்குனியில்தான் வெளிச்சத்துக்கு வரும். மழைக்காலத்தில் எல்லாக் குளமும் அழகுதான்!

கையில் என்ன வேண்டும்?

பெரிய கேமரா வேண்டாம். ஒரு பைனாகுலர், ஒரு நோட்டு, ஒரு பென்சில், ஒரு புத்தகம் போதும். பைனாகுலர் மேலே 8×42 என்று போட்டிருக்கும். 8 என்றால் எட்டு மடங்கு பக்கத்தில் தெரியும். 42 என்றால் முன்பக்க லென்ஸின் விட்டம் 42 மில்லிமீட்டர். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25. அதுதான் கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் விட்டம், மில்லிமீட்டரில். அது பெரிதாக இருந்தால் காட்டு நிழலிலும் விடியற்காலை மங்கலிலும் நன்றாகத் தெரியும். இருபது மடங்கு, முப்பது மடங்கு என்று விற்கிறதை வாங்கினால் கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகும். ஜாக்கிரதை!

புத்தகத்துக்கு, ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதி க்ரியா வெளியிட்ட பறவைகள் அறிமுகக் கையேடு தமிழிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் என்றால் சாலிம் அலி 1941-ல் எழுதிய புத்தகம் இன்றும் பயன்படுகிறது. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. இந்தியாவின் பெரிய இயற்கை எழுத்தாளர்களில் ஒருவரான மா. கிருஷ்ணன் (1912-1996) பிறந்தது நம்ம திருநெல்வேலியில்தான்.

முதல் நாள்: பாபநாசம் காடு

நெல்லையிலிருந்து அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசம் ஒன்றரை மணி நேரம். பைக்கை அடிவாரத்திலேயே விட்டுவிட்டு, சோதனைச் சாவடியில் பையைக் காட்டிவிட்டு, காரையாறு போகும் அரசு பஸ்ஸில் ஏறினோம். முண்டந்துறை 1962-ல் புலிகளுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1988-ல் களக்காட்டோடு சேர்ந்து தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாயிற்று. பரப்பு சுமார் 895 சதுர கிலோமீட்டர். இஷ்டத்துக்குக் காட்டுக்குள் நடக்க அனுமதி கிடையாது. வனத்துறை சொல்கிற இடத்தில், சொல்கிற நேரம் வரைதான். தீ அபாயம் உள்ள நாட்களில் அனுமதியையே நிறுத்திவைப்பார்கள். முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போவது நல்லது.

பஸ் நிற்கும் இடத்திலேயே பறவை ஆரம்பமாகிவிடுகிறது. முள்ளிலவு மரம் ஒன்றில் கடைசிப் பூக்கள் மிச்சம் இருந்தன. கரிச்சான், மைனா, தேன்சிட்டு, பச்சைச்சிட்டு என்று ஒரே அடிதடி. நாம் ரேஷன் கடை வரிசையில் நிற்கிற மாதிரிகூட இல்லை, முண்டியடித்துக்கொண்டு! ஓடைப் பக்கம் போனால் யாரோ பள்ளிக்கூடப் பையன் மெட்டுத் தெரியாமல் சீட்டியடிக்கிற சத்தம் வரும். "எவம்ல அங்க விசில் அடிக்கான்?" என்று மெக்கானிக்கல்காரன் திரும்பிப் பார்த்தான். பையன் இல்லை, சீகாரப் பூங்குருவி. கருநீலப் பறவை, தோளில் பளிச்சென்ற நீலம். மலை ஓடைகளை விட்டு அதிகம் விலகாது. பாறையில் வாலாட்டி ஒன்று வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு ஓடியது. அது இமயமலைப் பக்கத்திலிருந்து வந்த விருந்தாளி; சித்திரைக்குள் கிளம்பிவிடும்.

சாயங்காலம் சரியாக இருட்டும் முன்னால் புதரிலிருந்து இரட்டைச் சீட்டி கேட்டது. ஆறுமணிக் குருவி. காலை ஆறு, மாலை ஆறு மணி வாக்கில் கூப்பிடுவதால் அந்தப் பெயர். பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று அத்தனை நிறத்தையும் வைத்துக்கொண்டு, தரையில் சருகைக் கிளறிக்கொண்டு ஒளிந்து திரியும். வடக்கே கோடையில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு நம் பக்கம் வருகிற பறவை இது.

ஆனால் இந்தக் காட்டில் நான் உங்களுக்கு விளக்கிச் சொல்ல விரும்பும் பறவை இருவாச்சி. பெரிய அலகுக்கு மேலே இன்னொரு அலகு வைத்த மாதிரி இருக்கும். பெட்டை ஒரு மரப்பொந்துக்குள் போய், தன் எச்சத்தையும் பழச்சக்கையையும் வைத்து வாசலை உள்ளிருந்தே பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீற்று மட்டும் மிச்சம். முட்டை பொரித்து, குஞ்சு வளரும் வரை மாதக்கணக்கில் பெட்டைக்கும் குஞ்சுக்கும் ஆண்தான் சாப்பாடு கொண்டுவர வேண்டும். ஆண் செத்தால் அந்தக் குடும்பமே பட்டினி. இவ்வளவு பெரிய பறவை புகுந்து உட்கார எவ்வளவு பெரிய பொந்து வேண்டும், அந்தப் பொந்து விழ எவ்வளவு வயதான மரம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். ஐந்து வருடத்தில் நட்டு வளர்க்கிற தேக்கும் தைலமரமும் அதற்கு உதவாது.

இருவாச்சி தின்கிற பழத்தின் விதை, பல கிலோமீட்டர் தள்ளிப் போய் விழுந்து முளைக்கிறது. அந்த மரங்கள்தான் மழைத்தண்ணீரைச் சருகிலும் வேரிலும் பிடித்துவைத்து, மெள்ள மெள்ள விடுகின்றன. நமது ஹைட்ராலிக்ஸ் பாடத்தில் சேமிப்பு என்றால் அணைதான் நினைவுக்கு வரும். ஆனால் தாமிரபரணியின் முதல் நீர்த்தேக்கம் காரையாறு அணை இல்லை, அதற்கு மேலே உள்ள காடு. இரண்டு பருவமழையும் பெய்வதோடு இந்தக் காடும் இருப்பதால்தான் வருஷம் முழுக்கத் தண்ணீர். இருவாச்சி கூப்பிடுகிற வரைக்கும் காடு வேலை செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாம் நாள்: கோயில் மருதமும் கூந்தன்குளமும்

மலையிலிருந்து இறங்கி ஆற்றோடு வந்தால் திருப்புடைமருதூர். கடனா நதி தாமிரபரணியோடு கலக்கிற இடம். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துச் சுவரோவியங்களுக்காக வெளியூரிலிருந்தெல்லாம் வருவார்கள். நாங்கள் பார்க்கப் போனது கோயிலைச் சுற்றி நிற்கும் மருத மரங்களை. மரமெல்லாம் நாரை, கொக்கு, நீர்க்காகம். ஊர்க்காரர்களின் ஒத்துழைப்போடு 2005 பிப்ரவரியில் இதைப் பறவைகள் காப்பிடமாக அறிவித்தார்கள். மூன்று ஹெக்டேர்கூட வராது. ஆனால் சட்டத்தில் புதிதாகக் கொண்டுவந்த அந்த வகையில் நாட்டிலேயே முதலாவது இதுதான்.

அங்கிருந்து சேரன்மகாதேவி, களக்காடு, நாங்குநேரி, மூலைக்கரைப்பட்டி வழியாகக் கூந்தன்குளம். கூந்தன்குளம், காடன்குளம் என்று இரண்டு குளமும் சேர்ந்து சுமார் 129 ஹெக்டேர். 1994-ல் சரணாலயம் ஆயிற்று. ராம்சார் பட்டியலில் சேர்ந்த செய்தி 2022-ல் வந்தது. ராம்சார் என்பது ஈரானில் உள்ள ஓர் ஊர். சதுப்பு நிலங்களைக் காக்க 1971-ல் அங்கே கையெழுத்தான ஒப்பந்தம்தான் அந்தப் பெயரில் வழங்குகிறது.

ஊருக்குள் நுழைந்ததும் தெருவோர மரத்திலேயே மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டி உட்கார்ந்திருந்தன. கீழே திண்ணையில் பாட்டி ஒருவர் பாட்டுக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார்! எச்சம், நாற்றம், சத்தம் எல்லாம் உண்டு. இருந்தும் யாரும் விரட்டுவதில்லை. தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. "தலைப்பிரசவத்துக்கு அம்மை வீட்டுக்கு வந்த பிள்ளைய யாராவது வெரட்டுவாவளா தம்பி?" என்று ஒரு தாத்தா எங்களையே திருப்பிக் கேட்டார். இது வெறும் பாசம் மட்டும் இல்லை, கணக்கும் இருக்கிறது. பறவை எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு. எச்சம் கரைந்த குளத்துத் தண்ணீர் வயலுக்குப் போகிறது. குளத்து வண்டல் உரமாகிறது.

குளத்தில் கூழைக்கடா, கரண்டிவாயன், பாம்புத்தாரா, அரிவாள் மூக்கன், நத்தை குத்தி நாரை எல்லாம் இருந்தன. நடுவில் சாம்பல் நிறக் கூட்டம் ஒன்று, தலையில் இரண்டு கறுப்புக் கோடு. வரித்தலை வாத்து! திபெத், மங்கோலியா பக்கத்து ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலைக்கு மேலேயே பறந்து வருகிற பறவை. கருவி பொருத்தி ஆராய்ந்ததில் 7,000 மீட்டருக்கு மேலேயும் பறந்திருக்கிறது. அந்த உயரத்தில் காற்றில் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிகூடக் கிடையாது. மங்கோலியாவில் கழுத்துப்பட்டை மாட்டிய வாத்துகளைத் தென்னிந்தியக் குளங்களில் பார்த்திருக்கிறார்கள். நாங்கள் போனபோது மிச்சம் இருந்தது கொஞ்சம்தான். மற்றவை முன்னமே கிளம்பிவிட்டன.

இனி சிவில் நண்பர்கள் கவனிக்க வேண்டிய விஷயம். இந்தக் குளத்துக்குத் தண்ணீர் வானத்திலிருந்து மட்டும் வருவதில்லை. 1958-ல் கட்டி முடித்த மணிமுத்தாறு அணையிலிருந்து பிரதான கால்வாய் வழியாக வருகிறது. ஆக, அணையில் ஒருவர் ஷட்டரைத் தூக்கினால்தான் இங்கே நாரைக்குக் குடித்தனம். தண்ணீர் வராத வருஷம் பறவையும் வராது. வந்து முட்டையிட்ட பிறகு தண்ணீர் நின்றுபோனால் கூட்டை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடும். கீழே தண்ணீர் இருந்தால்தான் நாயும் கீரியும் மரத்தடிக்கு வராது. பக்கத்திலேயே மீனும் கிடைக்கும்.

இன்னொன்று, ஆழம். மஞ்சள் மூக்கு நாரை கண்ணால் பார்த்து மீன் பிடிப்பதில்லை. அலகைக் கொஞ்சம் திறந்தபடி தண்ணீருக்குள் விட்டு இப்படியும் அப்படியும் துழாவும். மீன் பட்ட நொடியில் அலகு மூடிக்கொள்ளும். அதற்கு அதன் கால் உயரத் தண்ணீர்தான் வேண்டும். உள்ளானுக்கு விரல் ஆழம் போதும். கூழைக்கடாவுக்கும் நீர்க்காகத்துக்கும் நீந்துகிற ஆழம் வேண்டும். ஒரு குளம் கரையிலிருந்து மெள்ளச் சரிந்து நடுவில் ஆழமாக இருந்தால் எல்லாருக்கும் இடம் உண்டு. தூர் வாருகிறேன் என்று மண் எடுப்பதற்காகவே செங்குத்தாகப் பத்தடிக் கிடங்கு வெட்டினால் தண்ணீர் கொள்ளளவு கூடலாம். நாரைக்கு நிற்க இடம் இருக்காது. குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்களும் அப்படியே. கரையில் சீமைக் கருவேலம் அடர்ந்து குளத்தையே விழுங்குவது தொல்லைதான். அதற்காக, கூடு கட்டுகிற திட்டில் உள்ள நாட்டுக் கருவேலத்தையும் சேர்த்து ஜேசிபி வைத்து வழித்துவிட்டால் அடுத்த வருஷம் பறவை எங்கே போகும்?

மூன்றாம் நாள்: உப்பளமும் கழிமுகமும்

இரவு நெல்லையில் தங்கினோம். பொழுது சாயும் நேரம் குளத்துக்கரையில் நின்றால் சூறைக்குருவிக் கூட்டம் பார்க்கலாம். ஆயிரக்கணக்கில் வந்து, வானத்தில் புகை மாதிரி சுருண்டு, விரிந்து, சடாரென்று மரத்தில் அடங்கும். மத்திய ஆசியாவுக்குப் புறப்படும் முன் கடைசிக் கச்சேரி!

மறுநாள் ஆற்றின் தென்கரையோடு ஸ்ரீவைகுண்டம். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு உண்டு. ஏழு பழையவை, எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் 1873-ல் முடிந்தது. இந்த எட்டிலிருந்தும் கால்வாய்கள் கிளம்பி, குளம் நிறைந்து அடுத்த குளத்துக்கு என்று சங்கிலித் தொடராகப் போகின்றன. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது இந்தப் பகுதியில் பல குளங்கள் உடைந்தன. குளம் உடைந்தால் மனுஷனுக்கு வரும் கஷ்டம் பேப்பரில் வந்தது. பறவைக்கும் சேர்த்துத்தான் அந்தக் குளம் என்பதை 2011 முதல் ஆண்டுதோறும் நடக்கும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு காட்டிக்கொண்டிருக்கிறது. தன்னார்வலர்கள் ஜனவரியில் குளம் குளமாகப் போய் எண்ணுகிறார்கள். நம் மாதிரி மாணவர்களும் சேரலாம்.

தூத்துக்குடி உப்பளம் முதல் பார்வைக்குப் பாலைவனம் மாதிரி இருக்கும். ஆனால் உள்ளே ஒரு பெரிய கெமிக்கல் லேப் நடக்கிறது. கடல் தண்ணீரின் அடர்த்தி பாமே அளவில் சுமார் 3 டிகிரி. அதை ஒரு தேக்கத்திலிருந்து அடுத்ததுக்கு நகர்த்தி, வெயிலில் வற்ற வைத்து, சுமார் 25 டிகிரிக்குக் கொண்டுவந்தால்தான் பாத்தியில் உப்பு விழும். "இருவத்தஞ்சு வரணும்ப்பா, அதுக்கு முன்னால வாரினா ஒண்ணும் தேறாது" என்றார் பாத்தியில் நின்ற அக்கா. இந்தப் பறவைக்கும் டிகிரிக் கணக்குத் தெரியும்! உப்புக் குறைந்த முதல் தேக்கத்தில் மீன் இருக்கும். அங்கே ஆலாவும் கொக்கும். நடுத்தர உப்பில் மீன் வாழாது, ஆனால் நுண்பாசியும் சின்ன இறால் வகைகளும் பெருகும்; அங்கே பூநாரை. ஓரத்துச் சேற்றில் உள்ளானும் நெடுங்கால் உள்ளானும். உப்பு விழும் பாத்தியில் பறவை அநேகமாக இல்லை. ஒரு வகைப் பறவைக்குத் தமிழில் உப்புக்கொத்தி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால் நம் முன்னோர் எவ்வளவு கவனித்திருக்க வேண்டும்!

பூநாரை சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும். தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அலகைத் தண்ணீருக்குள் வைத்து, நாக்கை பம்ப் மாதிரி இயக்கித் தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்தில் சீப்பு மாதிரி உள்ள தகடுகள் இரையை வடிகட்டிக்கொள்ளும். அசல் பில்டர்! பாசியிலும் இறாலிலும் உள்ள நிறமிதான் இறகில் ரோஸ் நிறமாக ஏறுகிறது.

பிற்பகல் புன்னைக்காயல். ஆறு கடலோடு சேரும் இடம். செம்பருந்து வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. விராலடிப்பான் ஒன்று கம்பத்தின் மேல் உட்கார்ந்து மீனைப் பிய்த்துக்கொண்டிருந்தது. முந்தாநாள் மலையில் பார்த்த அதே தண்ணீர் இங்கே உப்போடு கலக்கிறது. மேலே எல்லாத் தண்ணீரையும் எடுத்துவிட்டு, கடலுக்குப் போவது வீண் என்று சொல்கிறோம். நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலக்கும் இந்தச் சேற்றில்தான் மீனும் இறாலும் குஞ்சு வளர்க்கின்றன. கழிமுகத்துக்கு ஆறு வராவிட்டால் பறவைக்கு மட்டும் இல்லை, மீனவருக்கும் பிழைப்பு இல்லை.

நான்காம் நாள்: கடற்கரைச் சாலை

தூத்துக்குடியிலிருந்து வேம்பார், சாயல்குடி, கீழக்கரை வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலை. வலப்பக்கம் மன்னார் வளைகுடா. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். பாம்பன் தாண்டி, ராமேஸ்வரத்தை விட்டு, தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர். அரிச்சல்முனை வரை சாலை 2017-ல் திறந்தார்கள். இந்தப் பகுதியை 2025-ல் பூநாரைகளுக்கான சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது.

இங்கே பார்த்த வளைமூக்கு உள்ளான்களில் சில செங்கல் நிறத்துக்கு மாறத் தொடங்கியிருந்தன. தையில் வந்தால் எல்லாம் ஒரே சாம்பல். ஆர்க்டிக் சைபீரியாவில் ஜோடி சேர்வதற்கான கல்யாணப் புடவையை இங்கேயே கட்ட ஆரம்பித்துவிடுகின்றன. அதோடு பெட்ரோலும் நிரப்பிக்கொள்கின்றன. பறவைக்குப் பெட்ரோல் கொழுப்பு. ஒரு கிராம் கொழுப்பில் சுமார் 9 கிலோ கலோரி. மாவுச்சத்தில் 4 தான். அதனால்தான் கொழுப்பு. நீண்ட தூரம் போகும் உள்ளான்கள் புறப்படும் முன் இரவு பகலாகத் தின்று உடம்பைப் பெருக்கும்.

இப்போது யோசியுங்கள். மணலில் ஜீப் ஓட்டுவது, போட்டோவுக்காகக் கூட்டத்தைக் கைதட்டிக் கிளப்புவது, ட்ரோன் விடுவது. கூட்டம் எழும்பினால் பார்க்க அழகுதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் சேர்த்து வைத்த டேங்க்கிலிருந்து கொஞ்சம் காலி. பங்குனியில் அதை மறுபடி நிரப்ப நாள் இல்லை. "அப்போ நடுவழியில வண்டி நின்னா தள்ளிட்டுப் போறதுக்குக்கூட ஆள் இல்லையே மக்கா!" என்றான் மெக்கானிக்கல்காரன். சரியாகத்தான் சொன்னான்.

நம் கையில் என்ன இருக்கிறது?

நாளைக்கு நம்மில் பலர் ஓவர்சியராகவும், மின்வாரிய ஊழியராகவும், காண்ட்ராக்டரிடம் சைட் சூப்பர்வைசராகவும் போகப்போகிறோம். பெரிய திட்டத்தை மந்திரி அறிவிக்கலாம். ஆனால் குளத்தில் எங்கே வெட்டுவது, எந்த மரத்தை விடுவது, கம்பம் எங்கே நடுவது என்று லெவல் எடுத்து எஸ்டிமேட் போடுகிற கை நம்முடையது. அதனால் பிரிவு வாரியாகச் சொல்கிறேன்.

1. சிவில்: தூர் வாரும் எஸ்டிமேட்டில் சரிவை மறக்காதீர்கள். கூடு கட்டும் திட்டையும் மரத்தையும் வரைபடத்தில் குறித்து, விடவேண்டியவை என்று எழுதுங்கள். வெட்டிய மண்ணிலேயே புதுத் திட்டு போட்டு நாட்டுக் கருவேலம் நடலாம். தனிச் செலவு அதிகம் ஆகாது. குஞ்சு உள்ள மாதங்களில் வேலையை வைக்காதீர்கள்.

2. எலெக்ட்ரிகல்: ஒற்றைக் கம்பியில் உட்காரும் குருவிக்கு ஏன் ஷாக் அடிப்பதில்லை என்பது வைவாவில் வழக்கமான கேள்வி. மின்னழுத்த வேறுபாடு இல்லை என்று பதில் சொல்வோம். மஞ்சள் மூக்கு நாரைக்கு இறக்கை விரித்தால் சுமார் ஒன்றரை மீட்டர். 11 கே.வி. லைனில் இரண்டு பேஸுக்கு இடையே இடைவெளி பெரும்பாலும் அதைவிடக் குறைவு. ஒரு பேஸையும் இன்னொரு பேஸையும், அல்லது எர்த் ஆன இரும்புக் கைமரத்தையும் சேர்த்துத் தொட்டால் பறவையும் போச்சு, பீடரும் ட்ரிப். குளத்துப் பக்கம் இடைவெளியைக் கூட்டலாம், இன்சுலேஷன் உறை போடலாம், தரைக்கடியில் கேபிள் கொண்டுபோகலாம். கம்பி கண்ணுக்குத் தெரிய ஒளிரும் தட்டுகள் தொங்கவிடலாம். ராஜஸ்தான், குஜராத்தில் கானமயிலுக்காகக் கம்பிகளைத் தரைக்கடியில் கொண்டுபோகச் சொல்லி உச்ச நீதிமன்றமே 2021-ல் உத்தரவிட்டது. எல்லா இடத்திலும் அது முடியாது என்று வந்த வாதத்தால் 2024-ல் அதைத் திருத்தி நிபுணர் குழு போட்டது. சுலபமான பிரச்சினை இல்லை என்பதற்கே சொல்கிறேன். தீர்வு கண்டுபிடிக்கும் வேலை நம்ம பிரிவுக்குத்தான்.

3. மெக்கானிக்கல்: நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் எங்கே திரும்பினாலும் காற்றாலை. காற்று மின்சாரம் வேண்டாம் என்று யார் சொல்லப்போகிறார்கள்? பறவை தினமும் குளத்துக்குக் குளம் போய்வரும் பாதை எது என்று பார்த்துவிட்டு டவர் நடலாமே!

4. மற்ற எல்லாரும்: எண்ணுங்கள். பொங்கல் நாட்களில் 2015 முதல் தமிழகம் முழுவதும் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. ஒரு இடத்தில் பதினைந்து நிமிஷம் நின்று, பார்த்ததை எழுதி, ஈபேர்ட் என்ற இணையப் பதிவில் ஏற்றினால் போதும். நம் ஊர்க் குளத்தைப் பத்து வருஷம் கழித்து யாராவது மூட நினைத்தால், இங்கே ஒன்றுமே இல்லை என்று அவர்கள் சொல்ல முடியாதபடி நம் நோட்டு சாட்சி சொல்லும்.

ஆற்றில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று பார்க்க நாம் அளவுக்கோல் நடுகிறோம். அந்தக் கோல் அளவை மட்டும் சொல்லும். தண்ணீர் நல்லதா, காடு இருக்கிறதா, குளம் சரிவாக இருக்கிறதா, கழிமுகத்துக்கு ஆறு போய்ச் சேர்கிறதா என்று சேர்த்துச் சொல்கிற கோல் பறவைதான். அதைப் படிக்கத் தெரிந்த டெக்னீஷியன் நாட்டுக்கு வேண்டும்.

அடுத்த பங்குனியில் செமஸ்டர் ஸ்டடி லீவுக்கு முன்னால் ஒரு நாலு நாள் கிடைக்கும். நாலு நாள் முடியாதவர்கள் கூந்தன்குளம் மட்டுமாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வாருங்கள். தெருவில் சத்தம் போடாமல் நடங்கள். திண்ணையில் பெரியவர் யாராவது இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுங்கள். பாடப்புத்தகத்தில் இல்லாத நீர்ப்பாசனமெல்லாம் அவருக்குத் தெரியும்!